பூஜைக்கு அணைத்த பெட்டி

பால் பாக்கெட் வாங்கினால் முதலில் தலைகீழாகப் பிடித்து அமுக்கிப் பார்ப்பேன். ஊசி குத்திப் பாலை உறிஞ்சிவிட்டுத் தண்ணீர் ஏற்றுகிறார்கள் என்று யாரோ சொன்ன நாளிலிருந்து வந்த பழக்கம். காஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்க்காமல் வாசலைத் தாண்ட விடமாட்டேன். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருப்பவர் கொட்டாவி விட்டால்கூடப் பையை மடிக்கு இழுத்துக்கொள்வேன். "உன்னக் கட்டிக்கப் போறவன் பாவம்டீ, மூச்சு வுட்டாக்கூட ஏன் வுட்டேன்னு கேப்ப" என்பாள் அம்மா. கட்டிக்கொண்டவரும் பின்னால் அதையேதான் சொன்னார். சந்தேகம் என் கூடப் பிறந்தது. ரொம்ப நாள் அதைக் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. பெயருக்கு ஒரு நீளமான பதவி உண்டு. யார்டில் எல்லாருக்கும் நான் 'கம்ப்யூட்டர் மேடம்'. மாடிப்படிக்குக் கீழே பலகையும் கண்ணாடியும் வைத்துத் தடுத்த ஒரு சின்ன அறை என் ராஜ்ஜியம். ஆபீசிலேயே ஏசி இருந்த இடம் இரண்டுதான், மேலே மேனேஜர் அறையும் கீழே என் அறையும். மேனேஜருக்கு வேர்க்கும் என்று அங்கே. என் மெஷின்களுக்கு வேர்க்கும் என்று இங்கே. எனக்கு வேர்ப்பதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

அந்த மெஷின்களில் முக்கியமானது ரௌட்டர். ஒரு சூட்கேஸ் அகலத்துக்கு, சாம்பல் நிறத்தில், முன்பக்கம் நாலு விளக்கு உள்ள பெட்டி. எங்கள் யார்டையும் ராயபுரத்தில் இருந்த தலைமை ஆபீசையும் ஒரு தனி டெலிபோன் லைன் வழியாக இணைத்தது அதுதான். எந்தக் கன்டெய்னர் உள்ளே வந்தது, எது வெளியே போகலாம் என்ற பட்டியல் அதன் வழியாகத்தான் வரும். பட்டியல் வராவிட்டால் கேட் திறக்காது. கேட் திறக்காவிட்டால் லாரி நகராது. லாரி நகராவிட்டால் டிரைவர்கள் நம் தலைமுறையையே தோண்டி எடுத்துத் திட்டுவார்கள்.

அதனால் அறைக்கு ஒரு சட்டம் போட்டிருந்தேன். என்னைத் தவிர யாரும் எதையும் தொடக்கூடாது. கதவில் தாளே ஒட்டியிருந்தேன். அந்தச் சட்டத்தை மதிக்காத ஒரே ஆள் எங்கள் எலக்ட்ரீஷியன்.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். காதில் எப்போதும் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும், மற்றவர்கள் பென்சில் செருகுவதைப் போல. கான்ட்ராக்டர் மூலமாக வந்தவர்தான், ஆனால் யார்டு தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். கிரேனிலிருந்து காலிங் பெல் வரைக்கும் அவர் கைதான். நான் இல்லாத நேரத்தில் ஏசியில் தண்ணீர் ஒழுகுகிறது, ட்யூப் லைட் மினுக்குகிறது என்று ஏதாவது சொல்லி ஆபீசிலிருந்த மாற்றுச் சாவியை வாங்கி உள்ளே நுழைந்துவிடுவார். மறுநாள் வந்து பார்த்தால் நாற்காலி இடம் மாறியிருக்கும். எனக்கு அது போதும்.

அவர்மேல் எனக்குப் பழைய கணக்கு வேறு ஒன்று இருந்தது. அந்தக் கோடையில் பழைய யு.பி.எஸ் ஒன்றைக் கழித்துக்கட்டினோம். அதிலிருந்து எடுத்த ஆறு பாட்டரிகளை ஸ்கிராப் ஷெட்டில் வைத்தார்கள். நான் போய் எண்ணினேன். எண்ணச் சொல்லி யாரும் கேட்கவில்லை, சும்மா எண்ணினேன். நாலுதான் இருந்தது. உடனே மேனேஜருக்கு எழுதிக்கொடுத்தேன். அவர் கூப்பிட்டுக் கேட்டபோது, "வேலைக்கு எட்துகினேன் சார், யார்டுலதான் கீது" என்றார் எலக்ட்ரீஷியன். என்ன வேலை, எங்கே என்றால் வாயைத் திறக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று நான் முணுமுணுத்தேன், அவர் காதில் விழும்படியே. மேனேஜர் எச்சரித்து விட்டுவிட்டார். அதற்குப் பிறகு எலக்ட்ரீஷியன் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவார்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் யார்டில் அன்றைக்கு எல்லா மெஷினையும் நிறுத்திவிடுவார்கள். கிரேனுக்கு மாலை, ஃபோர்க்லிஃப்டுக்கு வாழைக்கன்று, எடை மேடைக்குச் சந்தனம், கேட்டில் பூசணிக்காய் உடைப்பது, பொரியும் சுண்டலும். நான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு சீக்கிரமே தண்டையார்பேட்டைக்கு, வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் விஜயதசமி லீவு.

அதற்கு அடுத்த நாள் காலையில் நான் வரும்போது கேட்டுக்கு வெளியே பதினைந்து லாரியாவது நின்றிருக்கும். என் அறை வாசலில் எலக்ட்ரீஷியன் நின்றிருந்தார்.

"மேடம், உன் பொட்டி ஏந்திரிக்க மாட்டங்குது" என்றார்.

உள்ளே ஓடிப் பார்த்தேன். ரௌட்டரின் நெற்றியில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். பக்கத்தில் வாடிய சாமந்தி. பச்சையாக எரிய வேண்டிய விளக்குகள் இருட்டாக இருந்தன. பவர் விளக்கு மட்டும் எரிந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

"யாரு இத ஆஃப் பண்ணது?"

"நான்தான்மா. பூஜைக்கு எல்லாத்தியும் ஆஃப் பண்ணி சந்தனம் வெச்சேன். வருசத்துல ஒருநாளு அதுக்கும் ரெஸ்ட்டு வாணாவா? இன்னிக்கு வந்து போட்டேன், வரல."

"என் ரூமுக்குள்ள வராதன்னு எத்தினி தபா சொல்லிகீறேன்? கதவுல ஒட்டிகீற தாளு இன்னா அலங்காரத்துக்கா?" கோபம் வந்தால் என் ஆபீஸ் தமிழ் ஓடிப்போய் வீட்டுத் தமிழ் வந்துவிடும்.

அவர் பதில் நிதானமாகவே வந்தது. "போன வருசமும் நான்தாம்மா ஆஃப் பண்ணேன். மறுக்கா போட்டேன். வந்துச்சா, இல்லியா? இந்த வருசம் மட்டும் இன்னா பேஜாரு அதுக்கு?"

நியாயமான கேள்வி. அதை நான் அங்கேயே நின்று யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் என் மூளை வேறு பக்கம் ஓடியது. பாட்டரிக்காக மனசில் வைத்திருந்து பழி வாங்கிவிட்டார் என்று தோன்றியது. தோன்றிய பிறகு எல்லாமே சாட்சியாகத் தெரிந்தது. காற்று போகும் ஓட்டையில் குங்குமத்தூள். மேல்மூடியில் ஒரு கீறல், முன்பே இருந்ததா என்று ஞாபகமில்லை. பூஜை அன்றைக்கும் இன்றைக்கும் இந்த அறையில் தனியாக இருந்தவர் அவர்தான்.

மேனேஜர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். அவர் படியிறங்குவதே அபூர்வம். "என்னம்மா ஆச்சு? கேட்ல ரகளையா இருக்கு."

"யாரோ கை வெச்சிருக்காங்க சார்" என்றேன். யாரோ என்றுதான் சொன்னேன். ஆனால் கண் எலக்ட்ரீஷியன் மேல் இருந்தது.

மேனேஜருக்கு அது போதுமானதாக இருந்தது. "சாயங்காலம் அஞ்சு மணிக்கு எனக்கு ரிப்போர்ட் வேணும். இவன் வேலைதான்னு நீ சொன்னா, நாளையிலேர்ந்து இவன் கேட்டுக்குள்ள வர வேண்டாம். கான்ட்ராக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

எலக்ட்ரீஷியன் என்னைப் பார்த்தார். நான் கேபிளைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டேன். அந்த வயசில் வேலை போனால் மணலியில் எந்தக் கம்பெனி கேட்டில் போய்த் தினக்கூலிக்கு நிற்பார் என்று ஒரு நொடி நினைப்பு வந்தது. திருடும்போது யோசித்திருக்க வேண்டும் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

ரௌட்டரோடு நேரடியாகப் பேசுவதற்கென்று தட்டையான ஒரு நீலக் கேபிள் உண்டு. அதைக் கம்ப்யூட்டரில் செருகி ரௌட்டரை அணைத்துப் போட்டேன். வழக்கமாக அது எழுந்ததும் தன் சேமிப்பில் இருக்கும் பெரிய புரோகிராமைப் படித்து நினைவில் ஏற்றிக்கொண்டு வேலையைத் தொடங்கும். இப்போது அரைகுறையாக எழுந்து, ஒரே ஒரு வரியைக் காட்டிவிட்டு நின்றது. சேமிப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒன்றுமே இல்லை என்றது. துடைத்து வைத்தாற்போல் காலி.

குங்குமம் பட்டுச் சேமிப்பு காலியாகாது. யாரோ உட்கார்ந்து அழித்தால்தான் உண்டு. பாஸ்வேர்டு? கீபோர்டைத் திருப்பினேன். அடியில் நான் எழுதி ஒட்டிய சீட்டு பத்திரமாக இருந்தது. அட கடவுளே! இவர் படித்து ஒருத்தரிடம் சொல்லியிருக்கலாம். பக்கத்து யார்டுக்காரன் ஏதாவது கொடுத்து ஏவிவிட்டிருக்கலாம். டெஸ்டர் செருகிய காதில் என்னென்ன விழுந்திருக்குமோ, யாருக்குத் தெரியும்.

ராயபுரம் ஆபீசில் இதே மாதிரி ரௌட்டர் ஒன்று இருந்தது. அதிலிருந்து அந்தப் புரோகிராமைப் பிரதி எடுத்து வந்தால் இதை எழுப்பிவிடலாம். ஷேர் ஆட்டோவில் ஏறினேன். ரோட்டின் ஒரு பாதியைக் கன்டெய்னர் லாரிகள் அடைத்துக்கொண்டு நிற்க, ஆட்டோ மறுபாதியில் எதிர்த்திசையில் புகுந்து புகுந்து போனது. போகிற வழியெல்லாம் ரிப்போர்ட்டை மனசுக்குள் எழுதினேன். 'திட்டமிட்ட செயல்' என்று ஒரு வார்த்தை வந்தது. நன்றாக இருந்தது. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ராயபுரத்தில் பிரதியைச் சிடியில் எழுதினேன். ஒன்று கெட்டுப்போனால்? இரண்டாக எழுதினேன். சிடியைக் கொடுத்த கிளார்க்கை நம்பாமல் இரண்டையும் அங்கேயே போட்டுச் சரிபார்த்தேன். திரும்பி வரும்போது மணி பன்னிரண்டரை.

இனி அந்தப் புரோகிராமை நீலக் கேபிள் வழியாகச் சொட்டுச் சொட்டாக ரௌட்டருக்கு ஊட்ட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து ஊட்ட வேண்டும். கட்டளையைத் தட்டினேன். ரௌட்டர் ஒரு எச்சரிக்கை காட்டியது. சேமிப்பில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், தொடரவா?

என் விரல் கேள்வியை முழுசாகப் படிக்கும் முன்பே ஆமாம் என்று தட்டிவிட்டது.

தட்டிய விரலை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். இதே கேள்வியை இதே பெட்டி என்னிடம் முன்பும் கேட்டிருக்கிறது. இதே விரல் இதே அவசரத்தில் பதில் சொல்லியிருக்கிறது.

ஜூன் மாதம். புதுப் பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இடம் போதாது, பழையதை அழிக்கவா என்று ரௌட்டர் கேட்டது. அழி என்றேன். அழித்தது. புதியதை ஏற்றும்போது பாதியில் அறுந்துபோய்ப் பிழை காட்டியது. அதற்குள் மேலேயிருந்து பிரிண்டர் சிக்கிக்கொண்டது என்று கூப்பிட்டார்கள். போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் நாலு விளக்கும் பச்சையாக எரிந்தன, லைன் ஓடியது. ஓடுகிறதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்தப் பிறகு வரவேயில்லை.

ஓடாமல் என்ன செய்யும்? ரௌட்டர் எழும்போது ஏற்கெனவே நினைவில் ஏற்றிக்கொண்டதை வைத்து ஓடிக்கொண்டிருந்தது. நினைவு கரண்ட் இருக்கும் வரைக்கும்தான். ஜூனிலிருந்து அது ஒருமுறைகூட அணையவில்லை. முதல்முறையாக அணைத்தது ஆயுத பூஜைக்கு. போன வருஷம் அணைத்தபோது வந்ததே என்று அந்த மனிதர் காலையிலேயே கேட்டார். போன வருஷம் சேமிப்பு நிறைந்திருந்தது. இந்த வருஷம் அதை நான் காலி செய்து வைத்திருந்தேன்.

ஐயோ என்று வாய்விட்டே சொன்னேன். உடனே கண்ணாடி வழியாக யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தேன். வெட்கக்கேடு, அந்த நேரத்திலும் என் முதல் கவலை அதுதான். எலக்ட்ரீஷியன் வெளியே வெயிலில் ஒரு கேபிள் உருளைமேல் உட்கார்ந்திருந்தார். காதில் டெஸ்டர் இல்லை.

திரையில் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. முக்கால்வாசி போயிருக்கும், ஏசி பெருமூச்சு விட்டு நின்றது. கரண்ட் போய்விட்டது.

நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். என் அறையில் இப்போது ஓடும் யு.பி.எஸ்ஸில் இரண்டு பாட்டரி செத்துப்போச்சு, ஐந்து நிமிஷம் தாங்காது என்று சர்வீஸ் ஆள் ஏப்ரலிலேயே எழுதிக்கொடுத்திருந்தான். மேனேஜர் புதிது வாங்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கரண்ட் போயும் என் மெஷின்கள் அணையவில்லை. அதனால் சர்வீஸ் ஆள் புது பாட்டரி விற்கப் பொய் சொல்கிறான் என்று முடிவுகட்டியிருந்தேன். வேறென்ன முடிவு கட்டுவேன் நான்?

ஐந்து நிமிஷம் போனது. பத்தும் போனது. எண்கள் ஏறிக்கொண்டே இருந்தன. வெளியே எலக்ட்ரீஷியன் ஜெனரேட்டரைப் பார்க்க ஓடுவது தெரிந்தது. நான் கீழே குனிந்து யு.பி.எஸ்ஸின் பின்பக்கம் டார்ச் அடித்தேன். தடித்த ஒயர் இரண்டு பலகைத் தடுப்பில் ஒரு ஓட்டை வழியாக அந்தப் பக்கம் போயின. அந்தப் பக்கம் என்றால் மாடிப்படியின் அடிவயிறு, துடைப்பமும் வாளியும் வைக்கும் இடம். சுற்றிப் போய்ப் பார்த்தேன். வாளிக்குப் பின்னால் ஒரு பலகைமேல் இரண்டு பாட்டரிகள் இருந்தன, பழைய யு.பி.எஸ்ஸின் பாட்டரிகள். டெர்மினலில் கிரீஸ் தடவி, உப்புக்காற்று படாமல் பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டியிருந்தது. செத்த இரண்டைக் கழற்றிவிட்டு, நல்லதாகப் பார்த்து இந்த இரண்டையும் சேர்த்திருக்கிறார்.

யார்டுலதான் கீது என்றாரே. என் முதுகுக்குப் பின்னால் நாலு அடி தூரத்தில் இருந்திருக்கிறது. என் அறையில் கைவைத்தேன் என்று சொன்னால் அதற்கும் நான் குதிப்பேன் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தார். அவர் போட்ட பாட்டரியால்தான் ரௌட்டர் அத்தனை மாதம் அணையாமல் ஓடியது. அணையாததால்தான் என் தப்பு வெளியே தெரியவில்லை. திருட்டுப் பட்டத்தையும் வாங்கிக்கொண்டு என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார், அவருக்கே தெரியாமல்.

மூன்று மணிக்கு ஊட்டி முடிந்தது. ரௌட்டர் எழுந்தது. நாலு விளக்கும் பச்சை. கேட் திறந்தது, லாரிகள் உறுமிக்கொண்டு நகர்ந்தன. நான் வெளியே போய் எலக்ட்ரீஷியன் முன்னால் நின்றேன். "அண்ணே, படிக்குக் கீழ அந்தப் பாட்டரி..." என்று ஆரம்பித்தேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "களட்டிடறேம்மா. நாளைக்குக் காலீல களட்டி ஷெட்ல வெச்சிடறேன்."

அதைச் சொல்ல வரலண்ணே என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் மேலேயிருந்து மேனேஜர் கூப்பிட்டார்.

"யார் வேலை?" என்று கேட்டார்.

"மெஷின் கோளாறு சார். யார் மேலயும் தப்பு இல்ல."

"நீ பாவம் பாக்குற. கை வெச்சிருக்காங்கன்னு காலைல நீதானே சொன்ன? நெருப்பில்லாம புகையுமா? சரி, இப்ப விடு. பொங்கலுக்கு கான்ட்ராக்ட் முடியுதில்ல, அப்ப ஆளை மாத்திக்கலாம்."

நான் இறங்கி வந்தேன். சாயங்காலம் கிளம்பும்போது வாசலில் எலக்ட்ரீஷியன் நின்றிருந்தார். "நல்லபடியா சொன்னியாமே, சார் பியூன்கிட்ட சொன்னாராம். நீ இல்லன்னா இன்னியோட என் பொழப்பு போயிருக்கும்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமாக ஒன்றை வாங்கியதில்லை.

மறுநாள் காலையில் அவர் ஒரு நோட்டோடு வந்தார். "பாட்டரி ரெண்டியும் ஷெட்ல வெச்சிட்டேன். எண்ணிப் பாத்துக்கோ. ஆறு கீது. கையெழுத்து போட்டுடும்மா, பின்னால பேச்சு வரக்கூடாது." நான் கையெழுத்துப் போட்டேன்.

அந்த வாரமே கரண்ட் போனது. ஏசி நின்றது, அதோடு ரௌட்டரும் நின்றது. எல்லா விளக்கும் அணைந்த என் அறைக்குள் நான் உட்கார்ந்திருந்தேன். வாசல் வழியாக அவர் ஜெனரேட்டர் பக்கம் போனார். அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சட்டத்தை மதிக்க ஆரம்பித்துவிட்டார்.

எழுந்து ஓடினேன். "அண்ணே, நில்லுங்க. அந்தப் பொட்டிய காலி பண்ணது நான்தாண்ணே. ஜூன் மாசமே நான் அழிச்சிட்டேன். நீங்க ஒண்ணும் பண்ணல." ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அழுகையும் வந்துவிட்டது.

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அத எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்றம்மா? நான் பண்ணலன்னு எனக்குத் தெரியாதா? மேல போய் சொல்லு" என்றார். போய் ஜெனரேட்டரைப் போட்டார்.

மேலே போனேன். பாட்டரியில் ஆரம்பித்து ஜூன் மாதம் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "அப்ப நீ இதுவரைக்கும் எங்கிட்ட சொன்னதுல எது நெசம், எது பொய்னு நான் எப்படிம்மா தெரிஞ்சிக்கிறது?" என்றார். நான் மற்றவர்களைப் பார்க்கிற அதே பார்வையில் அவர் என்னைப் பார்த்தார். முன்னால் நின்று வாங்கிக்கொள்ளும்போதுதான் அதன் சூடு தெரிந்தது.

பொங்கலுக்கு எலக்ட்ரீஷியனின் கான்ட்ராக்ட் நீண்டது. என் அறைச் சாவி நான் மேலே போய்ச் சொன்ன அன்றைக்கே போய்விட்டது. நான் தனியாக உள்ளே இருக்கும் நேரத்துக்குக் கணக்கு வேண்டும் என்று மேனேஜர் சாவியை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிட்டார். காலையில் அவரிடம் போய்க் கேட்டு வாங்க வேண்டும், சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வேண்டும், இரண்டுக்கும் கையெழுத்து. முதல் நாள் காலையில் அதே நோட்டை நீட்டினார். "நேரம் போட்டு எழுதும்மா" என்றார். குரலில் கேலி இல்லை.

சாவியை வாங்கி அறையைத் திறந்தேன். யு.பி.எஸ்ஸிலிருந்து பலகை ஓட்டைக்குள் தடித்த ஒயர் இரண்டும் மறுபடி போயிருந்தன. எப்போது மாட்டினார், யாரைக் கேட்டு மாட்டினார் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்காமல் உட்கார்ந்து வேலையைப் பார்த்தேன்.